கணக்கைத் தலையில் சுமந்தவர்கள்

1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒரு சந்திர கிரகணம் வர இருந்தது. அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதைப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் உட்கார்ந்து கணித்துக் காட்டினார். எண்களுக்குப் பதில் சோழிகள். அவற்றை வரிசையாக வைத்தார், சிலவற்றை எடுத்தார், இடம் மாற்றினார். கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் அவர் நினைவில் சொற்களாக இருந்தன. ஒவ்வொரு படியிலும் தேவைப்பட்ட சொல்லை நினைவிலிருந்து எடுத்து, அதை எண்ணாக்கிச் சோழியில் இறக்கினார்.

எதிரே இருந்து குறிப்பெடுத்தவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். லாம்டன் என்பவர் 1802இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய பெரும் நில அளவையில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் பார்த்தவர். அளவுக் கருவிகளோடு வாழ்ந்த மனிதர் சோழிக் கணக்கை உட்கார்ந்து கவனித்து, தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகள் பற்றிச் சென்னையில் 1825இல் வெளியான ‘கால சங்கலித’ என்ற தம் பெரிய நூலில் பதிவு செய்தார். அப்படிச் செய்திராவிட்டால் இந்தக் காட்சியே நமக்குக் கிடைத்திருக்காது.

கணிப்பு எப்படி அமைந்தது? கிரகணம் பிடிக்கிற நேரத்தில் 4 நிமிடம் பிசகு. நடுப்பகுதியில் 23 நிமிடம். விடுகிற நேரத்தில் 52 நிமிடம். கருவியும் காகிதமும் இல்லாமல் நினைவை மட்டும் நம்பிப் போட்ட கணக்கு என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அறிவியல் அளவுகோலை வைத்தால் 52 நிமிடம் பெரிய தவறு. இந்த இரண்டையும் ஒன்றையொன்று மறைக்கவிடாமல் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாரனுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே ஊரில் இதே கலையைக் கண்டு அசந்திருந்தார். லெ ஜென்டி என்ற வானியலாளர் 1761ஆம் ஆண்டுச் சுக்கிரனின் சூரியக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கப்பலேறியவர். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்று கடப்பைப் பார்த்து எந்த அளவும் எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769இல். நாடு திரும்பாமல் கீழைக் கடல்களிலேயே பல ஆண்டு சுற்றிக் காத்திருந்து, பிறகு புதுச்சேரிக்கு வந்து கருவிகளையெல்லாம் நிறுத்திவைத்தார். கடப்பு நாளன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது.

ஆனால் அந்தப் புதுச்சேரி வாசம் வீண்போகவில்லை. தமிழ்க் கணிதர்களிடம் உட்கார்ந்து அவர்கள் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அவர்கள் முறைப்படி கணித்தால் 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அப்போது மிகச் சிறந்ததென்று மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணித்தால் 68 விநாடி கூடுதலாக வந்தது. இந்த ஒரு கிரகணத்தை வைத்து ஐரோப்பாவையே தமிழன் வென்றுவிட்டான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1825இன் 52 நிமிடத்தை அவர்கள் சொல்வதில்லை. லெ ஜென்டி வியந்தது துல்லியத்தை மட்டும் பார்த்தல்ல. அந்தக் கணிதர்கள் கணக்கைப் போட்ட வேகமும், அலட்டிக்கொள்ளாத நிதானமும்தான் அவரை அதிகம் ஈர்த்தன.

இந்த முறைக்கு வாக்கிய முறை என்று பெயர். நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது, தொலைவில் தளர்கிறது. வேகத்தின் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ இருபத்தேழரை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய ஏறக்குறைய சரியாக 248 நாள் ஆகும். ஆகவே 248 நாளுக்கும் நிலா எந்தப் பாகையில், எந்தக் கலையில் இருக்கும் என்பதை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சிறு பிசகுகளைச் சரிசெய்ய 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகளும் உண்டு. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாள்களை எண்ணி, பெரிய சுற்றுகளை முதலில் கழித்து, பிறகு சிறிய சுற்றுகளைக் கழித்து வந்தால், மிஞ்சுகிற எண் எத்தனையாவது வாக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

அந்த 248 எண்களையும் எண்களாக மனப்பாடம் செய்தால் யாருக்கும் குழம்பும். அதனால் அவற்றைச் சொற்றொடர்களாக்கினார்கள். கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். க என்றால் 1, ம என்றால் 5, ல என்றால் 3. வலமிருந்து படிக்க வேண்டும். ‘கமல’ என்ற சொல் இந்தக் கணக்கில் 351. இப்படி எண் ஒளிந்திருக்கிற சொற்றொடர்களை வரருசி இயற்றினார் என்பது மரபு. பின்னாளில் கேரளத்து மாதவர் அவற்றை இன்னும் நுட்பமாக்கினார். 1300 வாக்கில் தமிழகத்தில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘வாக்கியகரணம்’ என்ற நூல் முழு முறையையும் தொகுத்தது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962இல் அதைச் சென்னையில் பதிப்பித்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, பாபிலோனிய வானியலில் பேரறிஞரான ஓட்டோ நியூகேபவர், வாரன் பதிந்துவைத்த கணக்கைப் படித்துத் ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 248 நாள் சுற்றை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், பாபிலோனின் களிமண் பலகைகளில்! ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கணக்கு முறை, புதுச்சேரியில் ஒரு மனிதரின் நினைவில் உயிரோடிருந்தது அவருக்குப் பெரும் வியப்பு.

இத்தகைய நினைவாற்றல் வானத்திலிருந்து குதித்ததல்ல. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கணக்கு என்றாலே எண்சுவடிதான். முந்திரி, காணி, மா, வீசம், கால், அரை என்று கீழ்வாய் இலக்கங்கள். அவற்றின் பெருக்கல் வாய்பாடுகள். நெல்லளவுக்கு நெல்லிலக்கம், பொன் எடைக்குப் பொன்னிலக்கம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. பிள்ளைகள் இவற்றை மணலில் எழுதினார்கள், கூட்டமாய் ஒப்பித்தார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. சென்னை எழும்பூரின் ஆண்கள் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராகிற இந்த வழக்கத்தைப் பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே அது பரவியது.

எண்சுவடியை வெறும் உருப்போடல் என்று ஒதுக்கிய ஆங்கிலக் கல்வி அதிகாரிகள் பலர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய கணித வரலாற்றாளர் செந்தில் பாபு இந்த ஏடுகளையும் பள்ளிகளையும் பல ஆண்டு ஆராய்ந்து, 2022இல் ஒரு நூல் வெளியிட்டார். நினைவு என்பது அந்தக் கல்வியில் அறிவைக் கட்டுகிற வழியாகவே இருந்தது என்பது அவர் எடுத்துக்காட்டுகிற செய்தி. நெல் அளக்கிற களத்தில், கூலி கொடுக்கிற இடத்தில், கணக்கன் சொன்ன எண் சரிதானா என்று உழுகிறவனும் மனத்துக்குள் போட்டுப் பார்க்க முடிந்தால்தான் அவனுக்கு நியாயம் கிடைக்கும். கணக்குத் தெரிந்தவன் கணக்குத் தெரியாதவனை ஏய்த்த கதைகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஏராளம். கர்ணத்தின் பேனாவுக்கு ஊரே நடுங்கியதும் உண்மை. இந்தப் பள்ளிக்கூடங்களின் வாசலே ஏறமுடியாமல் சாதியால் நிறுத்தப்பட்டவர்களும், பெண்களும் மிகப் பலர். ஆகவே பழைய காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கைத் தன் தலைக்குள் நடத்திப் பார்க்கிற திறன் ஒருவருக்குத் தருகிற வலிமை எவ்வளவு பெரிது என்பதை அந்தத் திண்ணைகளும் களங்களும் அறிந்திருந்தன. அந்தத் திறன் கிடைக்காதவர்கள் பட்ட பாடே அதற்குச் சான்று.

இங்கே ஒரு சிக்கலைத் தாண்டிப் போக முடியாது. வாரன் தம் கணிதரைப் பற்றி இன்னொன்றும் எழுதினார்: அந்த மனிதருக்கு வானியல் சித்தாந்தங்களின் கோட்பாடு சிறிதும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம். நிலா ஏன் விரைகிறது, ஏன் தளர்கிறது என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை. அப்படியென்றால் அவரும் ஓர் எந்திரம்தானே என்று இன்று ஒருவர் கேட்கலாம். படிப்படியான விதிகளைப் பொருள் அறியாமல் நிறைவேற்றுவதைத்தான் கணினியும் செய்கிறது.

இதே கேள்வி அக்காலத்து ஐரோப்பாவில் வேறு வடிவில் எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது ப்ரோனி என்ற பொறியாளரிடம் மாபெரும் மடக்கை அட்டவணைகளைக் கணிக்கும் வேலை வந்தது. அவர் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே சில கணித மேதைகள். நடுவில் சூத்திரங்களை எண்ணாக்கித் தருகிற சிலர். கீழே அறுபது எழுபது பேர், கூட்டவும் கழிக்கவும் மட்டும் தெரிந்தவர்கள். கீழடுக்கில் கணிதம் குறைவாகத் தெரிந்தவர்களே குறைவாகத் தவறு செய்தார்கள் என்பது அங்கே கண்ட அனுபவம். இலண்டனில் சார்லஸ் பாபேஜ் இதைப் படித்து, சிந்திக்கத் தேவையில்லாத வேலைக்கு மனிதர் எதற்கு, நீராவி போதுமே என்ற முடிவுக்குப் போனார். 1821இல் நண்பர் ஹெர்ஷலோடு உட்கார்ந்து கணக்கர்கள் தந்த வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது கண்ணில் பட்ட தவறுகள் அவரை ஏற்கெனவே சலிக்க வைத்திருந்தன. அரசு அவருடைய எந்திரத்துக்கு 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டியது, 1842இல் கைவிட்டது. எந்திரம் முடியவில்லை. எண்ணம் முடிந்துவிடவில்லை.

ஆனால் புதுச்சேரிக் கணிதரை ப்ரோனியின் கீழடுக்கோடு சேர்ப்பது பொருந்தாது. ப்ரோனியின் ஆள் தனக்கு வந்த இரண்டு எண்களைக் கூட்டித் தாளைக் கடத்திவிட்டான். அது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. புதுச்சேரிக் கணிதர் நாள் எண்ணிக்கையிலிருந்து கிரகணம் விடுகிற நேரம் வரைக்கும் முழுக் கணக்கையும் தாமே நடத்தினார். எந்தப் படியில் என்ன செய்தார் என்று கேட்டால் சோழியைத் திரும்ப வைத்துக் காட்ட முடியும். அவர் கணித்த பஞ்சாங்கத்தை நம்பி ஊரில் கலியாணம் நடந்தது. பிசகினால் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அவரிடம் கோட்பாடு இல்லை. பொறுப்பு இருந்தது, வழி தெரிந்திருந்தது. கணக்கை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இரண்டும் பெரிய தகுதிகள்.

மனிதக் கணக்கர்களை நம்பி நடந்த ஒரு பெரிய ஏற்பாடு பிரிட்டனின் நாவிகப் பஞ்சாங்கம். நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கான முதல் தொகுதியிலிருந்து அதை நடத்தினார். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிய, நிலாவின் நிலை முன்கூட்டியே தெரிய வேண்டும். ஓர் எண் தவறினால் கப்பல் பாறையில் மோதும். அதனால் மாஸ்கலின் ஒரே கணக்கை வெவ்வேறு ஊர்களில் இருந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்தார். இருவர் விடைகளையும் ஒப்பிட மூன்றாவது ஆள். 1770 வாக்கில் இரண்டு கணக்கர்கள் தங்களுக்குள் பார்த்து எழுதியது பிடிபட்டது. இருவருக்கும் வேலை போயிற்று. மனிதர் தவறு செய்வார், ஏமாற்றவும் செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டே கட்டிய ஏற்பாடு இது. நம்பிக்கை அதில் இலவசமாகக் கிடைக்கவில்லை.

அந்தக் கணக்கர்களில் ஒருவர் லட்லோ என்ற சிற்றூரில் வாழ்ந்த மேரி எட்வர்ட்ஸ். வேலை கணவர் பெயரில் வந்தது. கணக்கைப் போட்டது அவர். 1784இல் கணவர் இறந்தபோது, இத்தனை ஆண்டும் வேலை செய்தது யார் என்ற உண்மை வெளியே தெரிந்தது. மாஸ்கலின் தொடர்ந்து அவருக்கே வேலை கொடுத்தார். அவருக்குப் பின் மகள் எலைசா. 1832இல் வேலை இலண்டனின் அரசு அலுவலகத்துக்கு மாறியபோது, பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்று எலைசாவின் பிழைப்பு நின்றது. அடுக்களைக்குப் பக்கத்து மேசையில் நடந்த கணக்கு உலகக் கடல்களில் கப்பல்களை வழிநடத்தியது. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவரின் பெயர் பல ஆண்டு வெளியே தெரியாமலே இருந்தது.

அதே நாவிகப் பஞ்சாங்கம்தான் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சண்டைக்கு விதையானது. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் இளவயதில் சேர்ந்து, முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். பஞ்சாங்கம் கணிக்கிற மரபில் வந்தவர், தொலைநோக்கியிலும் கைதேர்ந்தவர். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார்; 1868ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தை ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். இலண்டனின் ராயல் வானியல் சங்கம் 1872இல் அவரை உறுப்பினராக்கியது. 1874 டிசம்பர் 9இல் நிகழ இருந்த சுக்கிரக் கடப்பைப் பற்றிப் பொதுமக்களுக்காக இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார்.

மரபுப் பஞ்சாங்கம் சொல்கிற இடத்தில் கோள் இல்லை என்பதை அவர் இரவுதோறும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாறிலிகளில் ஒளிந்திருந்த நுண்ணிய பிசகு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சேர்ந்து பெருகியிருந்தது. ஆகவே நாவிகப் பஞ்சாங்கத்தின் எண்களை அடிப்படையாகக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பண்டிதர்கள் பலர் எதிர்த்தார்கள். வெள்ளைக்காரன் எண்ணைக் கொண்டு சிரார்த்தம் செய்வதா என்பது எதிர்ப்பின் ஒரு முகம். காட்சியோடு ஒத்துவராத கணக்கைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இந்திய வானியலுக்குப் புதிதல்ல. கேரளத்தில் பரமேசுவரர் 15ஆம் நூற்றாண்டிலேயே பல ஆண்டு கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்தியிருக்கிறார். ரகுநாதாச்சாரி நின்றது அந்த வரிசையில்.

கோள் எங்கே இருக்கிறது என்ற விஷயத்தில் அவர் பக்கமே நியாயம். வானம் யாருடைய மரபுக்கும் வளையாது. ஆனாலும் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றுவரை நிற்கிறது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வாக்கியப்படிதான். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29இல் மீன ராசிக்குப் பெயர்ந்தது. பக்தர்கள் குழம்பவே, தங்கள் கோயிலில் பெயர்ச்சி 2026இல்தான் என்று ஆலயத்தார் அறிவிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. அதேசமயம், வாக்கியத்தைப் போற்றுகிறவர்களிலும் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தை ஏற்பவர்கள் உண்டு. கிரகணத்தை ஊரே கண்ணால் பார்த்துவிடும். சனி எந்த ராசியில் என்று தெருவில் நின்று யாரும் சரிபார்ப்பதில்லை. மனிதர் தந்த கணக்கிலும் சரிபார்க்கக்கூடிய இடத்தில்தான் உண்மை தங்கியிருக்கிறது.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது மரபுக்கும் எந்திரத்துக்கும் இடையிலான சண்டையாகத் தோன்றலாம். உண்மையில் ரகுநாதாச்சாரியின் காலத்தில் திருக்கணிதமும் மனிதர் கையால் போட்ட கணக்குதான். நாவிகப் பஞ்சாங்கத்தில் எந்திரம் நுழைந்தது 1920களில். எல்.ஜே. காம்ரி என்ற நியூசிலாந்துக்காரர், வணிக அலுவலகங்களில் கணக்கெழுத வாங்கிவைத்திருந்த துளையட்டை எந்திரங்களை நிலாவின் நிலையைக் கணிக்கப் பயன்படுத்தினார். எர்னஸ்ட் பிரவுன் 1919இல் வெளியிட்ட சந்திர அட்டவணைகளைத் துளையட்டைகளில் ஏற்றி, அந்த நூற்றாண்டின் இறுதிவரைக்குமான நிலாவை எந்திரம் கூட்டிக்கொடுத்தது. பாபேஜின் கனவு நனவானது. இன்று கைபேசிச் செயலியில் விரல் தட்டினால் திதியும் நட்சத்திரமும் விநாடி சுத்தமாக வருகின்றன. 248 வாக்கியம் சொல்லத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். எண்சுவடியின் முந்திரியும் காணியும், 1957இல் பதின்மக் காசும் தொடர்ந்து மெட்ரிக் அளவும் வந்தபின் புழக்கத்திலிருந்து மறைந்தன.

எந்திரத்தின் விடையை மனிதர் சரிபார்த்த காட்சிகளில் மிகவும் புகழ்பெற்றது 1962 பிப்ரவரியில் நடந்தது. ஜான் கிளென் பூமியைச் சுற்றிவர இருந்தார். பாதையைக் கணித்தது ஐபிஎம் எந்திரம். புறப்படுவதற்கு முன் கிளென் ஒன்று கேட்டார்: கேத்தரின் ஜான்சன் அந்த எண்களைக் கையால் போட்டுப் பார்க்கட்டும், அவர் சரி என்றால் நான் தயார். ஜான்சன், வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கறுப்பினப் பெண் கணக்கர்களுக்கென்று தனியே ஒதுக்கிவைத்த பிரிவில் 1953இல் சேர்ந்தவர். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் போட்டார். விடை ஒத்தது. பிப்ரவரி 20 அன்று கிளென் மூன்று முறை பூமியைச் சுற்றித் திரும்பினார்.

கிளென் எந்திரத்தை வெறுத்தவரல்ல. அவர் ஏறி உட்கார்ந்ததே எந்திரத்தின் உச்சியில். தம் உயிரை வைக்கிற ஓர் எண்ணைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் எங்கோ இருக்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். ஜான்சனின் சக ஊழியர் டாரதி வான், எந்திரம் வருவதைப் பார்த்து ஃபோர்ட்ரான் மொழியைத் தாமே கற்று மற்றப் பெண்களுக்கும் கற்பித்தார். கையால் போடத் தெரிந்தவர்கள்தான் எந்திரத்தையும் நன்றாக ஆண்டார்கள்.

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மேல் பலருக்கு எழுகிற ஐயம் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது. பழைய எந்திரம் கொடுத்த விடைக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது. விரும்பினால் அந்த வழியில் ஒவ்வொரு படியாய் நடந்து பார்க்கலாம். ஜான்சன் நடந்து பார்த்தது அதைத்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபோது, நீளமான இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னால் அது தயக்கமே இல்லாமல் தவறான விடை சொன்னது. அதன் உள்ளே நடந்தது பெருக்கல் அல்ல. இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரத்தக்கது என்ற ஊகம். பிறகு கணக்குக் கருவிகளை அதனோடு இணைத்துச் சீராக்கினார்கள். ஆனால் கணக்கைவிடச் சரிபார்க்கக் கடினமான துறைகளில் அதே சரளம் தொடர்கிறது. 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் அது தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். வழக்கறிஞர்கள் சட்ட நூலைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாஸ்கலினின் மூன்றாவது ஆள் அங்கே இல்லாமற்போனதுதான் கேடு.

அதைவிடக் கவலைக்குரியது கற்கிற பிள்ளை. கட்டுரையை எந்திரத்திடம் கேட்டு வாங்கித் தருகிற மாணவருக்கு விடை கிடைக்கிறது. விடைக்குப் போகிற வழி அவர் தலைக்குள் ஒருநாளும் அமைவதில்லை. பிற்பாடு அந்த எந்திரம் தவறு சொன்னால், தவறு என்று சொல்ல அவரிடம் என்ன இருக்கும்? எண்சுவடியை ஒப்பித்த பிள்ளைக்கு முந்திரிக்கும் காணிக்கும் உள்ள உறவு வாழ்நாள் முழுதும் துணைநின்றது. மனிதர் கற்பதையும் மனிதர் செய்வதையும் விரும்புகிறவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளுவது, வாரன் காட்டிய கணிதரையும் ஜான்சனையும் சேர்த்தே தள்ளுவதாகும்.

கற்ற ஒன்றை ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மீட்பது எளிதல்ல. அமெரிக்கக் கடற்படைக் கழகம், செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கும்போது எதற்கு என்று, விண்மீன்களைப் பார்த்துக் கப்பலின் இடத்தைக் கணிக்கும் பாடத்தைக் கைவிட்டது. இணையத் தாக்குதலில் செயற்கைக்கோள் தடம் அறுந்துபோனால் என்ன செய்வது என்ற அச்சம் வந்தபின், 2015இல் அந்தப் பாடத்தை மறுபடி தொடங்கினார்கள். மாணவர்கள் கோணமானியைப் பிடித்து, நாவிகப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பென்சிலால் கணக்குப் போட வேண்டும். ஆனால் கடற்படையிலேயே அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டிருந்தார்கள். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான கிங்ஸ் பாயின்ட் கழகம் அந்தப் பாடத்தை ஒருநாளும் நிறுத்தியிருக்கவில்லை. கடற்படை அங்கே போய் உதவி கேட்டது.